புதுச்சேரியில் புகையை எடை போட்டார்கள்

புதுச்சேரியில் இறங்கியதும் நான் செய்த முதல் தவறு, ரிக்‌ஷாவில் எங்கே ஏறுவது என்று தெரியாமல் நின்றது. எங்கள் பினாங்கில் பெச்சா என்ற சைக்கிள் வண்டியில் பயணி முன்னால் உட்கார்வார். ஓட்டுபவர் பின்னாலிருந்து மிதிப்பார். நான் கைக்குழந்தையோடு வண்டியின் முன்பக்கம் போய் இருக்கையைத் தேடினேன்.

"இன்னாம்மா, நீ ஓட்டப் போறியா? பின்னால ஏறு. கொழந்தையக் கெட்டியாப் புடி" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

பினாங்கில் எதிரே வரும் ஊர் முழுவதும் முதலில் என் முகத்தில்தான் படும். இங்கே வியர்வையில் நனைந்த ஒரு முதுகைப் பார்த்தபடி ஊருக்குள் போனேன். குழந்தை வாணிக்கு அப்போது எட்டு மாதம். என் கணவரின் அக்கா மங்கை இன்னும் அவளைப் பார்க்கவில்லை. கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தமிழ்ப் பள்ளி ஆசிரியையான எனக்குக் கிடைத்தது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. குழந்தையை இவ்வளவு தூரம் கூட்டி வந்தது சரிதானா என்று கப்பலில் கேட்டுக்கொண்டதை அந்த ரிக்‌ஷாவிலும் கேட்டுக்கொண்டேன்.

மங்கை அண்ணியின் வீடு உழவர்கரையில். அண்ணியின் கணவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. ஒரே பெண், செல்வி, ஆறு வயது. அண்ணி வாணியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்க தம்பி மூக்கே வந்துடுச்சி, பாவம்" என்று சிரித்தார். சங்கரா மீன் குழம்பு ஊற்றினார். எங்கள் ஊர்க் குழம்பைவிடப் புளிப்பு தூக்கல். இரண்டாவது முறை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. புழுக்கத்தில் குழந்தை சிணுங்கியது. ஏன் என்று கேட்கத் தயக்கமாக இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காரணம் தானாகத் தெரிந்தது. தெருக் கோடியில் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு பவுண்டரி இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் உலை மூட்டுவார்கள். புகைபோக்கி பக்கத்துத் தென்னை மரத்தைவிடக் குட்டை. மதியத்துக்குள் கொடியில் காய்ந்த வாணியின் வெள்ளைத் துணிகளில் கறுப்புப் பொடி. சாயங்காலம் செல்வி தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் குனிந்து உட்கார்ந்தாள். படுத்தால் மூச்சு வராதாம். அவளுடைய விலா இரண்டும் உள்ளே இழுத்து இழுத்து வந்தன. என் குழந்தையை அடுத்த அறைக்கு எடுத்துப் போனேன். போன பிறகு அதற்காக வெட்கப்பட்டேன்.

"ரெண்டு வருஷமா மனு எழுதறேன்" என்றார் அண்ணி. "இப்பத்தான் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்லேர்ந்து பதிலு வந்திருக்கு. வர்ற வெள்ளிக்கெழம மெஷின் கொண்டாந்து நம்ம மாடியில வெக்கறாங்க. அதுல புகை ஜாஸ்தின்னு தேறுனா அந்தப் புகைக் கொழாய ஒசத்தச் சொல்லி உத்தரவு போடுவாங்க. மாடியில எதையும் வெச்சி அடச்சிடாத."

புதன்கிழமை அண்ணி எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். பினாங்கும் கடலோர ஊர்தான். ஆனால் ஆங்கிலேயர் எங்களுக்கு விட்டுப்போன தெருக்கள் வளைந்து வளைந்து போகும். இங்கே நூல் பிடித்தது போல நேராக வந்து கடலில் முடிகின்றன. சிவப்புத் தொப்பி போலீஸ்காரரைக் கண்டு வாணி சிரித்தாள். வாய்க்காலைக் கடக்கும்போது மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். கடல் காற்றில் செல்வி வாயை மூடிக்கொண்டு மூச்சு விட்டாள். வீட்டில் அவள் எப்போதும் வாயால்தான் மூச்சு விடுகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வியாழன் மாலை அலுவலகத்திலிருந்து ஜீப் வந்தது. டெக்னீஷியன் ஏழுமலை இன்னொருவர் உதவியோடு மெஷினை மாடிக்கு ஏற்றினார். கூரை போட்ட அலுமினியப் பெட்டி. பெரிய புறாக்கூண்டு மாதிரி இருந்தது. நகரத்துக்கு மொத்தமாக அலுவலகத்தில் இருப்பது அந்த ஒன்றுதானாம். புகார் வந்த இடங்களுக்கெல்லாம் முறைவைத்து அதுவே போக வேண்டும். ஜீப்பும் வேறொரு துறையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் இரவலாக வருவது. எதிர்வீட்டு ஜெயா வாசலில் நின்றபடி, "புகைய இழுக்கற மெஷினாம். ஒண்ணு இங்கயே நிரந்தரமா வெச்சிட்டுப் போங்களேன்" என்றாள். நான் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. மாவு மில் போன்ற சத்தம். ஏழுமலை, மதியம் இரண்டு மணிக்கு, உள்ளே வைத்த வெள்ளைக் காகிதத்தை மாற்ற வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனார்.

செவ்வாயும் வெள்ளியும் வாணிக்குத் தலைக்கு ஊற்றும் நாள். ஊர் மாறினால் சளி பிடிக்கும், சாம்பிராணியை மட்டும் விட்டுவிடாதே என்று என் அம்மா புறப்படும்போது மூன்று முறை சொல்லியிருந்தார். செவ்வாயன்று வீட்டுக்குள் தூபக்காலை எடுத்ததும், "உள்ள வேணாம், செல்விக்கு ஆவாது" என்று அண்ணி தடுத்துவிட்டதால் கொல்லையில் போட்டேன். இன்று கொல்லை முழுக்க ஈரத்துணி. செல்வி கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புகை போகக்கூடாது என்றுதான், கரித்துண்டுகள் கனன்ற தூபக்காலை மாடிக்கு எடுத்துப் போனேன்.

மாடியில் காற்று சுழன்று புகையைக் குழந்தையின் கண்ணில் அடித்தது. மெஷினின் அருகே மட்டும் புகை ஒழுங்காக ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதன் கூரைக்கு அடியில் போய் மறைந்தது. நான் தூபக்காலை நகர்த்தி மெஷினுக்கு ஒரு முழம் தள்ளி வைத்தேன். மறுபுறம் உட்கார்ந்து வாணியின் தலையைக் கோதிக் காட்டினேன். கண் எரியாமல், தும்மாமல், குழந்தை மடியிலேயே தூங்கிப்போனது. புகையை இழுப்பதற்காக வைத்த மெஷின் இதையும் இழுத்துக்கொள்கிறது, நல்லதாயிற்று என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் எடுக்கிறவள் நான்.

இரண்டு மணிக்கு ஏழுமலை மூடியைத் திறந்தார். சுற்றிலும் அண்ணி, ஜெயா, தெருப் பெண்கள் நாலைந்து பேர். காலையில் பால் வெள்ளையாக இருந்த காகிதம் பழுப்பும் கறுப்புமாக இருந்தது.

"யப்பா! நான் வேலையில சேந்து இவ்ளோ மோசமா ஒண்ணு பாத்ததில்ல" என்றார் ஏழுமலை.

"பாத்தியா, பாத்தியா! உலைய மூட்டி நாலு மணி நேரம்கூட ஆவல, அதுக்குள்ளயே இது!" என்று ஜெயா கைதட்டினாள். அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்கள் நிறைந்திருந்தன.

நான் கேட்டேன்: "இழுத்த புகை அப்புறம் எங்கே போகும்?"

"எங்கயும் போவாதும்மா. காத்துதான் வெளிய போவும். தூசி, கரி எல்லாம் இந்தப் பேப்பர்லயே நின்னுடும். போறதுக்கு முன்னாடி பேப்பரோட எடை, வந்தப்புறம் எடை. வித்தியாசம்தான் நீங்க எல்லாம் மூச்சுல இழுக்கறது."

காகிதத்திலிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. வாணியின் தலையிலிருந்தும் அதே வாசம் வந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

ஏழுமலை படிவத்தை எடுத்து அண்ணியிடம் வாசித்தார். "மெஷின் பக்கத்துல குப்ப எரிச்சீங்களா, அடுப்பு மூட்டுனீங்களா, வேற எதுனா புகை?"

"ஒண்ணுமே இல்ல சார். மாடிக்கே யாரும் வரல" என்றார் அண்ணி. கையெழுத்துப் போட்டார்.

வாயைத் திறந்தேன். அத்தனை முகங்களையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

இரவு பத்துக்கு ஒன்று, சனி காலை ஆறுக்கு ஒன்று என்று இன்னும் இரண்டு காகிதங்கள் வந்தன. இரண்டும் சாம்பல் நிறம். ஆனால் முதலாவதைப் போல் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். பவுண்டரி புகை விடுவது பொய்யில்லை. செல்விக்கு மூச்சிழுப்பதும் பொய்யில்லை. என் புகை கொஞ்சம் சேர்ந்ததால் நியாயமானது சீக்கிரம் நடக்குமென்றால் யாருக்கு நஷ்டம்? ஞாயிறு மதியம் அண்ணி செல்விக்குத் தலை பின்னியபடி, "கொழாய் ஒசந்துட்டா நீ ஜன்னலாண்ட படுத்துக்கலாம்டி" என்று சொன்னார். அதற்குமேல் என்னால் வாதாட முடியவில்லை.

திங்கள் காலை கடைக்குப் போவதாகச் சொல்லி, வாணியைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம். கதவுகள் இரண்டு ஆள் உயரம். அதன் பின்கட்டில் இரண்டே அறைகள். இன்ஜினியர் மின்விசிறியை நிறுத்திவிட்டு, சட்டை நனைய நனைய, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசின் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் நடக்காதே என்று கையைக் காட்டினார். காற்றடித்தாலும் தரை அதிர்ந்தாலும் எடை மாறிவிடுமாம். எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகுதான் "சொல்லுங்கம்மா" என்றார்.

"சார், அந்த முதல் காகிதத்துல என் புகை இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்தில், எத்தனை கரித்துண்டு என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"நீங்க என்ன பண்றீங்க?"

"ஸ்கூல்ல டீச்சர்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு விளக்கினார். "நாங்க நெனச்ச ஒடனே போய்ப் பூட்டுப் போட முடியாதும்மா. மொதல்ல அளக்கணும். ரிப்போர்ட்டு எழுதணும், நோட்டீசு விடணும். அவங்க வக்கீலோட வருவாங்க, அவங்க தரப்பையும் கேக்கணும். அப்புறம்தான் பெர்மிஷன புதுப்பிக்கறப்ப கொழாய இவ்ளோ ஒசத்தணும்னு நிபந்தனை போடலாம். இந்தப் பேப்பரோட போயிருந்தா, அந்த வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பாரு. மத்த ரெண்டு பேப்பரும் அதோட போயிருக்கும்."

"மற்ற இரண்டும் செல்லும்தானே?"

"ஒரு நாள் முழுசா இருந்தாத்தான் கணக்கு. திரும்ப ஓட்டணும். மெஷின் நாளைக்குக் காலாப்பட்டுப் பக்கம் போவுது. உங்க தெருவுக்கு மறுபடி வர ஒரு மாசம் ஆவும்." பிறகு பேனாவை மூடினார். "ஒண்ணும் இல்லன்னு கையெழுத்துப் போட்டது வீட்டுக்காரம்மா. அந்த அளவ ரத்து பண்றதுக்கும் அவங்கதான் போடணும். நாங்க சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்" என்றேன்.

திரும்பும் வழியில் ரிக்‌ஷாவின் செயின் அறுந்துபோனது. நெல்லித்தோப்பிலிருந்து வெயிலில் நடந்தேன். ஒரு மீன்காரப் பெண் தன் கூடையை மூடியிருந்த ஈரச்சாக்கைத் தூக்கிக் காட்டி, "கொழந்த தலைக்கு எதுனா போடும்மா, வெயிலு கொளுத்துது" என்றாள். புடவைத் தலைப்பால் மூடினேன். என்னைப் பார்ப்பவருக்கெல்லாம் நான் குழந்தை வளர்க்கத் தெரியாதவள் என்பது தெரிந்துவிடுகிறதோ என்று தோன்றியது.

அண்ணி கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டார். கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார்.

"ரெண்டு வருஷம்டி" என்றார்.

அன்று வழக்கம்போல் எனக்குத்தான் முதலில் சோறு போட்டார். மீனின் நடுத்துண்டையும் எனக்கே வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயா பேசினாள், என் காதில் விழவேண்டும் என்றே வாசலில் நின்று பேசினாள்: "மலேயாவுலேர்ந்து கப்பலேறி வந்து பவுண்டரிக்காரனுக்கு வக்கீல் வேல பாத்துட்டுப் போவுது பாரு!"

மறுநாள் ஏழுமலை படிவத்தோடு வந்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, "காரணம்ங்கிற எடத்துல கரண்ட் கட்டுன்னு போட்டுடட்டுமாக்கா? அடிக்கடி நடக்கறதுதான். சாம்பிராணின்னு எழுதுனா ஆபீஸ்ல சிரிப்பாங்க" என்றார்.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. "கரண்டு போவலியே தம்பி. போனதா எழுதுனா நாளைக்கு அந்தப் பவுண்டரிக்காரன் கரண்டு ஆபீஸ்லேர்ந்து சீட்டு வாங்கியாந்து நீட்டுவான். நடந்தத எழுது. சிரிக்கறவங்க சிரிக்கட்டும்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு உலை மூட்டியிருந்ததால், ஜன்னல்களைச் சாத்தப் போனார்.

அந்த மாதம் மெதுவாக நகர்ந்தது. மூன்றாவது வாரத்தில் வாணி முதல் பல் முளைத்துச் செல்வியின் விரலைக் கடித்தாள். அதைச் சொல்ல அண்ணி என்னை "ஏ, இங்க வா" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து பேசினோம். அம்மா கொடுத்தனுப்பிய சாம்பிராணித் தூளைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். செய்தது சரியா என்று இன்றும் தெரியாது. குழந்தைக்குச் சளி ஒன்றும் பிடிக்கவில்லை.

மெஷின் வரும் வெள்ளிக்கு முந்தின நாள், அண்ணி தெருவில் வீடுவீடாகப் போனார். நானும் கூடப் போனேன். "எங்க வீட்டுல ஒரு தப்பு நடந்துபோச்சி, அதனாலதான் போன தடவை வீணாயிடுச்சி" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். யார் செய்தது என்று ஒரு வாசலிலும் சொல்லவில்லை. "நாளைக்கு ஒரு நாளு அடுப்பு மூட்டாதீங்க. அது விறவுப் புகைன்னு அவன் சொல்லக்கூடாது."

முணுமுணுத்தார்கள். ஆனால் கேட்டார்கள். வெள்ளியன்று அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் விறகு எரியவில்லை. பழைய சோறு, ஊறவைத்த அவல், ஊருக்குள் போய் வாங்கிவந்த நீண்ட ரொட்டி, வாழைப்பழம். ஜெயாவின் கணவர் காப்பியில்லாமல் வேலைக்குப் போகும்போது, "மெஷினுக்குப் பத்தியம் இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டு போனார். ஜெயா என்னிடம் இரண்டு பழத்தைக் கொண்டுவந்து நீட்டி, "கொழந்தைக்கு மசிச்சிக் குடு" என்றாள்.

பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டுக்கு அண்ணி மாடி ஏறிப் பார்த்தார். புகைபோக்கியில் புகை இல்லை.

ஒரு மாத அவகாசத்தில், மெஷின் வரும் செய்தி பவுண்டரிக்காரருக்கு எட்டிவிட்டது. உலை அன்று மூட்டப்படவே இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்த ஒரு மாதம் அவருக்குக் கிடைத்திருக்காது.

சனி காலை இன்ஜினியரே வந்தார். மூன்று காகிதங்களும் கிட்டத்தட்ட வெள்ளை. தெருவில் அடுப்பு எரியவில்லை என்று கேட்டதும் அவர் முகம் சுளித்தார். "ஏம்மா அணைச்சீங்க? தெனமும் எரியற அடுப்பு எரியத்தான் செய்யணும். அதுவும் இந்தத் தெருக் காத்துதானே?"

"போன தடவை ஒரு சட்டி நெருப்புக்கே ரத்துன்னுட்டீங்களே சார்" என்றார் அண்ணி.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு குறிப்பில் எழுதினார்: தெருவில் அடுப்பு எரியவில்லை. பவுண்டரி உலையும் எரியவில்லை. எழுதிவிட்டு யோசித்தார். "போன மாச ரெண்டாவது, மூணாவது பேப்பர் எங்ககிட்ட பத்திரமா இருக்கு. அதே மாடி, அதே மெஷின். உலை எரிஞ்ச நாளு ஒண்ணு, எரியாத நாளு ஒண்ணு. இது போதும்னு சொல்ல மாட்டேன். ஆனா இத வெச்சிக் கேள்வி கேக்கலாம். வெள்ளிக்கெழம எதுக்கு உலைய நிறுத்துனீங்கன்னு மொதக் கேள்வி."

"செல்வி நேத்து ராவு படுத்துத் தூங்குனா சார். அதையும் எழுதுங்க" என்றார் அண்ணி.

"அதுக்குப் படிவத்துல எடமில்லம்மா."

அண்ணி அங்கிருந்து நகரவில்லை. இன்ஜினியர் படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் எழுதினார். பிறகு ஒரு நோட்டை அண்ணியிடம் கொடுத்தார். மெஷின் இல்லாத நாட்களில் புகை எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது, என்ன நிறம், காற்று எந்தப் பக்கம் என்று தினமும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். விசாரணையில் அதையும் வைப்பார்களாம்.

மெஷினை ஏற்றிக்கொண்டு ஜீப் தெருமுனை திரும்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வழக்கமில்லாத சனிக்கிழமையில் உலை மூண்டது. அண்ணி நோட்டோடு மாடி ஏறினார். நான் வாணியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். குட்டைக் குழாயிலிருந்து கறுப்பாகப் புகை வந்து, எழாமல், எங்கள் பக்கமே சரிந்தது.

அண்ணி வாணியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, நோட்டையும் பென்சிலையும் என் கையில் வைத்தார்.

"நீதான் டீச்சரு. நீ எழுது. பாத்தத மட்டும் எழுது."

நேரத்தை எழுதினேன். நிறத்தை எழுதினேன். துணிக்கொடி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக் காற்றின் திசையை எழுதினேன். கீழே செல்வி இருமும் சத்தம் வந்தது. ஒரு முறை, பிறகு விடாமல்.

"அண்ணி, இது கேட்டதுதானே, பாக்கலையே. இத எழுதலாமா?"

அண்ணி வாணியோடு படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார். நான் நின்று யோசித்தேன். பிறகு, இருமல் கேட்கிறது என்று எழுதி, நேரம் போட்டு, என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.